கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் குறைந்துவிட்டன: சிறு அச்சகத்தை இனி எதை நம்பி நடத்துவது?

தாள்வாசம் · 9 ஜூன் 2024

வணக்கம். கும்பகோணத்துக்கு அருகே ஒரு பேரூரில் எங்கள் அச்சகம் இருக்கிறது. 1984-ல் ஒரு ட்ரெடில் இயந்திரத்தையும் (காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரம்) சில கேஸ் (எழுத்துத் தட்டு) ஈய எழுத்துகளையும் வைத்து அப்பா தொடங்கினார். 2003-ல் பழைய மினி ஆஃப்செட் ஒன்றை வாங்கினோம். அதன் பிறகு ட்ரெடிலைப் பின்கட்டில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம். இப்போது அப்பாவால் கடைக்கு வர முடிவதில்லை. நானும், மெஷின் ஓட்டுபவரும், கட்டிங்கும் பைண்டிங்கும் பார்க்கும் ஓர் அக்காவும் ஆக மூன்று பேர் இருக்கிறோம்.

எங்கள் வருமானம் இரண்டு கால்களில் நின்றது. ஒன்று கல்யாணப் பத்திரிகை, மற்றொன்று கடைகளுக்கான பில் புத்தகம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எல்லாருக்கும் புது வடிவத்தில் பில் வேண்டியிருந்ததால் மூன்று மாதம் இரவும் பகலும் ஓட்டினோம். அது அணையப் போகும் விளக்கின் வெளிச்சம் என்று அப்போது தெரியவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஓரளவு பெரிய கடைகள் எல்லாம் கணினி பில்லுக்கு மாறின. 2020 ஊரடங்கில் ஐம்பது பேரை வைத்துக் கல்யாணம் நடத்தப் பழகிய மக்கள், மண்டபம் நிறையக் கூட்டம் கூட்டும் வழக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள்; பத்திரிகைக்கு மட்டும் திரும்பவில்லை. நெருங்கிய உறவுக்கு நூறு அச்சடித்துவிட்டு, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவிடுகிறார்கள். தேர்தல் நேரத்து நோட்டீஸ் வேலையும் இந்த முறை பெயருக்குத்தான் வந்தது.

விலையைக் குறைத்துப் பார்த்தேன். கூட்டம் வரவில்லை, கூலிதான் குறைந்தது. டிஜிட்டல் பிரிண்டர் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி வாரம் தவறாமல் வந்து சொல்கிறார். பழைய இயந்திரம் என்றாலும் 12 லட்ச ரூபாய் ஆகுமாம். ட்ரெடிலைப் பழைய இரும்புக்குப் போட்டால் முன்பணத்தில் ஒரு பகுதியாவது தேறும் என்று நினைக்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தெற்குவீதி · 9 ஜூன் 2024

கடை சொந்த இடம் என்றால் மூடிவிட்டு வாடகைக்கு விடுங்கள். கைபேசிக் கடைக்காரர்கள் நல்ல முன்பணம் தருகிறார்கள். தலைமுறைத் தொழில் என்ற பாசத்துக்காக இருக்கும் பணத்தையும் தொலைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாள்வாசம் · 9 ஜூன் 2024

அந்தக் கணக்கும் போட்டிருக்கிறேன், ஐயா. ஆனால் மெஷின் ஓட்டுபவருக்கு வயது 51. அவரை எங்கே அனுப்புவது என்பதற்கு அந்தக் கணக்கில் வரி இல்லை.

பட்டாசூர்க்காரன் · 10 ஜூன் 2024

சிவகாசியில் என் சித்தப்பாவின் ஆஃப்செட் பிரஸ்ஸில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். தொழில் இறங்குவது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதன்று. இங்கே இன்றும் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக் காலண்டரின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுகிறோம். ஆனால் முன்பு இரண்டாயிரம் காலண்டர் எடுத்த ஜவுளிக்கடை இப்போது ஐந்நூறோடு நிறுத்திக்கொள்கிறது.

நிலைத்தவர்கள் பெரும்பாலும் அட்டைப் பெட்டிக்கும் லேபிளுக்கும் மாறியவர்கள். செய்தியைத் தாளில் கொண்டுபோன வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டது. பொருளைச் சுமக்கும் தாளின் வேலையை அதனால் செய்ய முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்த பிறகு, பைக்கும் பெட்டிக்கும் விசாரணை கூடியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள கைப்பையும் இருக்கிறது. பளபளப்புக்காகக் காகிதப் பைக்கு லேமினேஷன் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு கடைக்காரர் அபராதம் கட்டினார் என்று வருந்தக் கூடாது.

எங்கள் அளவில் ஐயாயிரம் பெட்டிக்குக் கீழே எடுத்தால் கட்டுப்படியாகாது. இருநூறு, முந்நூறு கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். அவர்கள் பிறகு எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஓய்வூதியர் · 10 ஜூன் 2024

பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிறுதொழில்களுக்குக் கடன் கொடுத்ததும், அவற்றில் சில மூழ்கியபோது பூட்டுப் போடப் போனதும் இதே கைதான். ஆகையால் கொஞ்சம் கடுமையாகச் சொன்னால் தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

12 லட்சத்தை 11 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 26,000 ரூபாய் வரும். மாதத்தில் 26 நாள் வேலை என்றால், கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைக்கும் முன்பே அன்றைக்கு 1,000 ரூபாய் கடன்பட்டிருப்பீர்கள். இயந்திரம் வந்தால் வேலை வரும் என்று நம்பி வாங்கியவர்கள்தான் என் கிளையின் வாராக்கடன் பட்டியலில் அதிகம். வேலை குவிந்து, வெளியில் கொடுத்துச் செய்தும் சமாளிக்க முடியாமல் இயந்திரம் வாங்கியவர்கள் அந்தப் பட்டியலில் வந்ததாக எனக்கு நினைவில்லை. மானியத்தைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் முதல் கடன் புதிதாகத் தொடங்கும் நிறுவனத்துக்கு உரியது. நாற்பது ஆண்டு அச்சகத்தைப் புதியது என்று எழுதிக் கொடுத்துச் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, கணினி பில் வருவதற்கு முந்தைய ஒரு முழு ஆண்டின் பில் புத்தகங்களையும் சென்ற நிதியாண்டின் பில் புத்தகங்களையும் எடுத்து, ஒவ்வொரு பில்லையும் வேலை வகைப்படி எண்ணுங்கள். வேலை குறைந்துவிட்டது என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த வேலை, எத்தனை என்று எழுத வேண்டும். இரண்டாவது, ஒரு நாற்பது பக்க நோட்டை மேசையில் வையுங்கள். உங்களிடம் கேட்டு நீங்கள் ‘இல்லை, அது நாங்கள் செய்வதில்லை’ என்று சொல்லி அனுப்பும் ஒவ்வொருவரையும் அதில் எழுதுங்கள். பில் புத்தகத்தில் வந்தவர்கள்தான் இருப்பார்கள். திரும்பிப் போனவர்களுக்கு எந்தக் கடையிலும் பேரேடு கிடையாது. ஒரு மாதம் கழித்து வாருங்கள்.

வேகம்24 · 11 ஜூன் 2024

ஒரு மாதம் எண்ணிக்கொண்டிருந்தால் பக்கத்துத் தெருக்காரர் இயந்திரத்தை இறக்கிவிடுவார். இன்றைய வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். காலையில் கேட்டால் மாலையில் வேண்டும். நான் 2022-ல் டிஜிட்டல் வாங்கினேன், நன்றாகவே ஓடுகிறது. துணிந்து இறங்குங்கள்.

ஓய்வூதியர் · 11 ஜூன் 2024

மகிழ்ச்சி. உங்கள் கடை எந்த ஊரில் இருக்கிறது, அருகில் என்ன இருக்கிறது என்பதையும் சொன்னால் தாள்வாசம் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

வேகம்24 · 11 ஜூன் 2024

திருச்சியில், இரண்டு பொறியியல் கல்லூரிகளுக்குப் போகும் சாலையில். திட்ட அறிக்கைகள்தாம் எங்களுக்கு முக்கிய வேலை. அந்த வசதி எல்லாருக்கும் அமையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தாள்வாசம் · 14 ஜூலை 2024

ஐயா சொன்னபடி எண்ணி முடித்தேன். பரணிலிருந்து இறக்கிய கட்டுகளில் கரையான் அரித்தவை போக மிஞ்சியவற்றில் 2016–17 முழுமையாக இருந்தது நல்ல வேளை.

2016–17-ல் மொத்தம் 1,130 பில்கள். அவற்றில் கல்யாணப் பத்திரிகை 212, பில் புத்தகமும் லெட்டர்பேடும் 390, நோட்டீஸ் 240. மீதி 288-ஐ அப்பா ‘சில்லறை’ என்ற ஒரே தலைப்பில் எழுதியிருக்கிறார். 2023–24-ல் மொத்தம் 604. பத்திரிகை 131 இருந்தாலும், ஓர் ஆர்டருக்குச் சராசரியாக 450 அடித்த இடத்தில் இப்போது 120 அடிக்கிறோம். பில் புத்தகம் 84, நோட்டீஸ் 96. சில்லறை 293.

இதைக் கூட்டிவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மற்றவை எல்லாம் சேர்ந்து பாதிக்கும் கீழே இறங்கிய ஏழு ஆண்டுகளில் சில்லறை மட்டும் இறங்கவே இல்லை. நாங்கள் அதை ஒரு வேலையாகவே மதித்ததில்லை. முகூர்த்த மாதத்தில் யாராவது நூறு லேபிள் கேட்டு வந்தால் ‘ஆடி பிறக்கட்டும், பார்க்கலாம்’ என்று சொல்லித் தள்ளிப் போடுவது எங்கள் வழக்கம்.

அந்த 293-ஐ மறுபடியும் பிரித்தேன். கோயில் ரசீது, உணவகத்து டோக்கன், மருந்துக்கடைக் கவர் போன்றவை போக, 118 பில்கள் லேபிள் வேலை. இட்லிப்பொடி, அப்பளம், வடகம், ஊறுகாய், மரச்செக்கு எண்ணெய், வீட்டில் காய்ச்சும் சோப்பு என்று 41 பேர் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் பெண்கள். சிலர் மகளிர் குழுவில் இருப்பவர்கள். எல்லாமே ஐந்நூறுக்குக் குறைந்த எண்ணிக்கை, ஒரே நிறம்.

‘இல்லை’ நோட்டில் முப்பது நாளில் 38 பேர் சேர்ந்தார்கள். 14 பேர் ஜெராக்ஸுக்கும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கும் வந்தவர்கள். 4 பேர் ஃப்ளெக்ஸ் கேட்டார்கள். 9 பேர் பல நிறத்தில் லேபிள் வேண்டும், அதில் என்னென்ன போட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும் என்றார்கள். 11 பேர் நூறு, இருநூறு என்ற எண்ணிக்கையில் அட்டைப் பெட்டி கேட்டார்கள். சிவகாசி அண்ணன் திருப்பி அனுப்பும் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. என்னிடம்தான் வருகிறார்கள், நானும் திருப்பி அனுப்புகிறேன்.

செக்கடி · 15 ஜூலை 2024

இந்த இழையை முதலிலிருந்து படித்து வருகிறேன். ஈரோடு பக்கம் ஒரு மரச்செக்கு வைத்திருக்கிறேன். வாங்குபவன் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நகரத்தில் மலிவாக லேபிள் கிடைக்கிறது என்று ஒருமுறை ஐயாயிரம் அடித்தேன். அடுத்த மாதமே நிலக்கடலை விலை ஏறியதால் எண்ணெய் விலையை மாற்ற வேண்டியதாயிற்று. அதிகபட்ச சில்லறை விலை லேபிளில் அச்சாகியிருந்தது. ஏறிய விலையை மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மாற்றுவது சட்டப்படி தவறு. நாலாயிரத்துச் சொச்சம் லேபிள் இன்றும் என் கிடங்கில் கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் பின்பக்கத்தில் படம் வரைகிறார்கள். ஆகையால் ஒரு லேபிள் 30 காசு மலிவு என்பது எனக்குப் பெரிதன்று. வேண்டும்போது முந்நூறு அடித்துத் தரும் ஆள்தான் எனக்கு வேண்டும்.

அடுத்தது, என்ன போட வேண்டும் என்பது. எங்களைப் போன்றவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் தெரியும்; அதற்கு மேல் தெரியாது. பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர அளவு, தயாரித்த நாள், எந்த நாள் வரை பயன்படுத்தலாம், தொகுதி எண், முகவரி, சைவப் பொருளுக்கான பச்சைக் குறி, நிலக்கடலை என்றால் ஒவ்வாமை எச்சரிக்கை, எல்லா வரிகளும் உள்ளடங்கிய விலை என்று பட்டியல் நீள்கிறது. தமிழ்ப் பற்றில் எல்லாவற்றையும் தமிழில் மட்டும் அடித்துவிட்டேன். கட்டாயமான விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி சொன்னபோதுதான் தெரிந்தது. எனக்கு அச்சடித்துக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டாம் முறை செலவு செய்திருக்க மாட்டேன். இதைத் தெரிந்து சொல்லும் அச்சகம் எங்கள் பக்கம் இருந்தால் இருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போவேன்.

ஈயஎழுத்து · 16 ஜூலை 2024

தம்பி, நான் 1971 முதல் கம்பாசிட்டர், அதாவது ஈய எழுத்துகளைக் கோர்ப்பவன். கடைசியாகத் தஞ்சாவூரில் ஒரு பிரஸ்ஸில் இருந்து ஓய்வு பெற்றேன். நீங்கள் ட்ரெடிலை இரும்புக்குப் போடப் போவதாக எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஒப்பவில்லை. பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது, தும்பிக்கை போட்ட லை, னை, ணை, ளை எல்லாம் போய் இன்றைய வடிவம் வந்தது. றா, னா, ணா போன்றவையும் மாறின. கேஸில் இருந்த பழைய எழுத்துகளை என் கையாலேயே பொறுக்கி உருக்கப் போட்டேன். ‘இனி இந்தத் தொழில் அவ்வளவுதான்’ என்று அன்றைக்கும் பெரியவர்கள் சொன்னார்கள். அதற்கும் முன்னால், உங்கள் ஊரிலிருந்து கிழக்கே கடற்கரையில், தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு காலத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் உருவத்தில் பெரியவை. அவற்றைக் கோர்த்தால் புத்தகம் முடிவதற்குள் தாள் தீர்ந்துவிடும் நிலை. எனவே இங்கேயே எழுத்தைச் சிறிதாக வார்த்தார்கள். அவர்கள் அச்சு இயந்திரத்தை மாற்றவில்லை, எழுத்தைத்தான் மாற்றினார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ட்ரெடில் என்பது அடிப்படையில் ஒரு பலகையை இன்னொரு பலகையின் மேல் பலமாக அழுத்தும் இயந்திரம். மை உருளைகளைக் கழற்றிவிட்டு, எழுத்து பூட்டும் சேஸ் என்ற சட்டத்தில் டையை (கத்தி முனைகள் பதித்த பலகையை)ப் பூட்டி, எதிர்ப்பலகையில் எஃகுத் தகடு வைத்தால், அது அட்டையை வெட்டும், மடிப்புக் கோடும் போடும். சிவகாசியில் பழைய ட்ரெடில்கள் எதற்கு ஓடுகின்றன என்று அங்கிருக்கும் தம்பியைக் கேளுங்கள். பெட்டிக்கு ஆள் வருகிறது, வெட்டுகிற இயந்திரம் பின்கட்டில் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. நீங்களோ அதை எடைக்குப் போட்டு 12 லட்சம் கடன் வாங்கப் பார்க்கிறீர்கள்.

பட்டாசூர்க்காரன் · 16 ஜூலை 2024

பெரியவர் சொல்வது முழு உண்மை. எங்கள் தெருவிலேயே நான்கு ட்ரெடில்கள் டை வெட்ட மட்டும் ஓடுகின்றன. மோட்டார் பூட்டியிருந்தால், பழகிய கை மணிக்கு ஐந்நூறுக்குக் குறையாமல் வெட்டும். ஆனால் தாள் வைக்கும் கை எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விரல் போனவர்களை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். காப்புக் கம்பி பொருத்தாமல் ஓட்ட வேண்டாம்.

லேபிளுக்கும் ஒரு வழி சொல்கிறேன். உங்கள் கடையில் கல்யாணப் பத்திரிகையை எப்படிச் செய்கிறீர்கள்? பிள்ளையார் படமும் பூ வேலையும் அடித்த வெற்றுக் கார்டு எங்கள் ஊரிலிருந்து வருகிறது. பெண், மாப்பிள்ளை பெயரை மட்டும் நீங்கள் அடிக்கிறீர்கள். லேபிளையும் அப்படியே செய்யுங்கள். படமும் நிறமும் உள்ள பகுதியை ஆளுக்கு இரண்டாயிரம் என்று வைத்து, நான்கைந்து பேருடையதை ஒரே தாளில் சேர்த்து, பல நிறத்தில் வெளியில் அடித்து வாங்கி அடுக்கிவிடுங்கள். விலை, அளவு போன்ற மாறும் பகுதியை மட்டும் கேட்கும்போது உங்கள் மினி ஆஃப்செட்டில் ஒற்றை நிறத்தில் ஏற்றிக் கொடுங்கள். செக்கடிக்காரரின் நாலாயிரம் லேபிள் வீணாகியிருக்காது.

நூறுபிரதி · 18 ஜூலை 2024

சிறு பதிப்பகம் நடத்துகிறேன். ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்கிய காலம் போய், இப்போது ஐம்பது, நூறு என்று தேவைக்கேற்ப அச்சிடுகிறோம். எங்களை இன்னும் உயிரோடு வைத்திருப்பதும் அதுதான். இருந்தாலும் தாள்வாசம் புத்தக அச்சில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. சென்னையில் அதற்கென்றே இருப்பவர்களின் விலைக்கு உங்களால் இறங்க முடியாது. உங்களிடம் இருப்பதும் எங்களுக்குக் கிடைக்காததும் ஒன்று உண்டு, அது பிழை பார்க்கும் கண். யுனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடப்பதைக்கூடக் கவனிக்காமல் அடித்துத் தரும் கடைகளே இன்று அதிகம். அந்தக் கண்ணுக்குத் தனியாகக் கூலி கேளுங்கள். வடிவமைப்பை இலவசமாகக் கொடுத்து அச்சில் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள்.

தாள்வாசம் · 20 ஜூலை 2024

கூலி கேட்டால் கொடுப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் ட்ரெடில் விற்பனை நிறுத்தப்பட்டது. தார்ப்பாயை எடுத்தபோது உள்ளே ஒரு பூனைக் குடும்பம் இருந்தது. அவற்றுக்கு மாற்று ஏற்பாடு செய்யவே இரண்டு நாள் ஆனது.

தாள்வாசம் · 10 நவம்பர் 2024

தீபாவளி வரை தலை நிமிர நேரமில்லாததால் இவ்வளவு தாமதம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நடந்தது தவறு. ஆகஸ்டில் பக்கத்து ஊர்ச் செக்குக்காரர் ஒருவருக்கு, சாதாரணக் குரோமோ (பளபளப்புத் தாள்) ஸ்டிக்கரில் பல நிற லேபிள் வாங்கி, விலையை எங்கள் இயந்திரத்தில் ஏற்றிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஒரு நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவர் எதுவும் பேசவில்லை. மூடியிலிருந்து வழிந்த எண்ணெய் லேபிளில் ஊறி, தாள் கண்ணாடி போல் ஆகியிருந்தது. நான் விலை அடித்த இடத்தை விரலால் ஒருமுறை தேய்த்துக் காட்டினார். 290 ரூபாயில் பூஜ்யம் மட்டும் மிச்சமிருந்தது. முந்நூறையும் என் செலவில் திரும்ப அடித்தேன்.

பிறகு சிவகாசி அண்ணனுடன் பேசி வரிசையை மாற்றினேன். பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்குப் போகலாமா என்று கேட்டபோது, ஊறிக்கொள்ளாத பரப்பில் எங்கள் மினி ஆஃப்செட்டின் சாதாரண மை காயாது என்று எச்சரித்தார். எனவே நிறம் அச்சான தாளை லேமினேஷன் இல்லாமல் வாங்கி, நாங்கள் விலையும் அளவும் ஏற்றி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அதன் பிறகு கும்பகோணத்தில் லேமினேஷன் போட்டு, ட்ரெடிலில் வெட்டுகிறோம். தயாரித்த நாளையும் தொகுதி எண்ணையும் கையில் பிடித்து அடிக்கும் சிறு இயந்திரத்தால் அவர்களே பாட்டிலில் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு லேபிளுக்கு எங்களுக்கு அடக்கம் 1 ரூபாய் 15 காசு. 1 ரூபாய் 90 காசுக்குக் கொடுக்கிறோம். நகரத்தில் ஐயாயிரம் அடித்தால் ஒரு ரூபாய்க்கே கிடைக்கும் என்பதை நானே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறேன். செக்கடி ஐயாவின் கிடங்குக் கதையையும் கூடவே சொல்கிறேன். இதுவரை நகரத்துக்குப் போனவர்கள் மூன்று பேர்தான்.

செக்கடி எழுதிய பட்டியலை ஒரு பக்கப் படிவமாக்கிக் கடையில் வைத்தேன். வருபவர்கள் அதை நிரப்பினால்தான் வடிவமைப்பைத் தொடங்குவோம். இதற்கும் பிழை பார்ப்பதற்கும் சேர்த்து 250 ரூபாய் தனியாக வாங்குகிறேன். முதல் ஆளிடம் கேட்டபோது எனக்குத்தான் நாக்கு எழவில்லை, அவர் கேள்வி கேட்காமல் கொடுத்தார். நூறுபிரதி ஐயாவுக்கு நன்றி.

பெட்டிக்கு முதல் வேலை இனிப்புக் கடையிலிருந்து வந்தது. தீபாவளிக்கு அரைக்கிலோப் பெட்டி 1,200, மூன்று தவணையில். 300 ஜி.எஸ்.எம். டூப்ளெக்ஸ் அட்டையில், அச்சு வெளிப்பக்கம் மட்டும் வரும்படி, உணவுப் பொதிவுக்குரிய ஐ.எஸ். 15495 தரத்து மையைக் கேட்டு வாங்கி அடித்தோம். முதல் நூறு பெட்டிகள் மடிப்பில் வெடித்துவிட்டன. அட்டையின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே நீண்ட மடிப்பு விழும்படி வெட்டியதுதான் காரணம் என்று பைண்டிங் அக்கா கண்டுபிடித்தார். பில் புத்தகத்துக்கு அட்டை மடித்த இருபது ஆண்டு அனுபவம் அது. எனக்குத் தோன்றவே இல்லை.

கணக்கைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மூன்று மாதத்தில் 212 பில்கள். அவற்றில் லேபிளும் பெட்டியும் 97. சென்ற ஆண்டு இதே மூன்று மாதத்தைவிட, தாள் செலவு போகக் கையில் நின்றது மாதத்துக்கு 11,000 ரூபாய் கூடுதல். செலவு செய்தது ட்ரெடிலுக்கு மோட்டார், காப்புக் கம்பி, எஃகுத் தகடு, மூன்று டைகள் என்று மொத்தம் 46,000 ரூபாய். கடன் வாங்கவில்லை. பிழைத்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். மார்கழி வரட்டும், பார்க்கிறேன்.

ஒரு மனக்குறை. அந்த இனிப்புக் கடைக்காரர் பாதித் தொகைதான் கொடுத்திருக்கிறார். மீதிக்கு ‘கார்த்திகை போகட்டும்’ என்கிறார்.

ஓய்வூதியர் · 10 நவம்பர் 2024

நல்ல செய்தி, தம்பி. தீபாவளி மாதத்தைச் சேர்த்துப் போட்ட சராசரி என்பதால் அந்த 11,000-ஐ அப்படியே நம்ப வேண்டாம். தை முடிந்ததும் மறுபடி கணக்குப் போடுங்கள்.

நிலுவை பற்றி. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா? இல்லையென்றால் இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. போதாததற்கு, வருமான வரிச் சட்டத்தின்படி, அப்படிக் காலம் கடத்திய தொகையை, கொடுத்து முடிக்கும் வரை வாங்கியவர் தம் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. பொருளைக் கொடுக்கும் முன்பே பதிவு இருந்தால்தான் இவை உங்களுக்கு உறுதியாகப் பயன்படும் என்பதால் இந்தத் தொகைக்கு உதவுவது ஐயமே. உள்ளூர்க் கடைக்காரரிடம் சட்டப் பிரிவைப் படித்துக் காட்டினால் அடுத்த தீபாவளிக்கு வர மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பெட்டி கேட்டு வருவார் அல்லவா, அப்போது பழைய பாக்கியும் பாதி முன்பணமும் வந்த பிறகு அட்டையை வெட்டுங்கள்.

வேகம்24 · 11 நவம்பர் 2024

நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது, எண்பது என்று கேட்பவர்களுக்கு இரண்டாயிரம் தாள் முதலீடு கட்டுப்படியாகாதே? அவர்களின் கோப்பை எனக்கு அனுப்புங்கள்; என் இயந்திரத்தில் அடித்துப் பேருந்தில் போட்டுவிடுகிறேன். தொழில்காரர் விலைதான்.

தாள்வாசம் · 11 நவம்பர் 2024

‘இல்லை’ நோட்டில் இந்த மாதம் அப்படிப்பட்டவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள், அண்ணா. இன்று மாலையே இரண்டு கோப்புகள் அனுப்புகிறேன். உத்யம் பதிவு நேற்று இரவே செய்துவிட்டேன், ஐயா.

ஈயஎழுத்து ஐயாவிடம் ஒரு சந்தேகம். டை வெட்டும்போது இடப்பக்கம் சுத்தமாக வெட்டுகிறது. வலப்பக்க மூலையில் மட்டும் நார் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அழுத்தத்தைக் கூட்டினால் இடப்பக்கம் தகட்டில் இறங்கி டையின் முனை மழுங்குகிறது. டை செய்தவரிடம் திருப்பிக் கொடுக்கட்டுமா?

ஈயஎழுத்து · 12 நவம்பர் 2024

டையின் மேல் குற்றமில்லை. மொத்த அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். தகட்டுக்கு அடியில், வலப்பக்க மூலைக்கு நேராக, ஒரு சிகரெட் அட்டை அகலத்துக்கு மெல்லிய தாள் ஒன்றை ஒட்டி வெட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் அதன் மேல் அதைவிடச் சிறியதாக இன்னொன்று. எழுத்து மங்கலாக விழும் மூலைக்கு நாங்கள் அடியில் தாள் கொடுத்த அதே முறைதான். உங்கள் அப்பாவைக் கேட்டால் கையாலேயே செய்து காட்டுவார். ஒருநாள் ஆட்டோவில் கூட்டி வாருங்கள்.

தாள்வாசம் · 14 நவம்பர் 2024

கூட்டி வந்தேன். இரண்டு தாள் ஒட்டினார், மூலை சுத்தமாக வெட்டுகிறது. போகும்போது மேசையில் இருந்த அப்பள லேபிளின் புரூஃபை எடுத்துப் பார்த்து, ‘உளுந்து’ என்பதில் ‘ளு’ தவறு என்று சுழித்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அதை மூன்று முறை படித்திருந்தேன்.